வீடு தேடி வந்த படிவம்: டெல்லியின் கார்க் கட்டுப்பாட்டுக்கு மக்கள் கருத்துக் கேட்ட கதை

2016 பிப்ரவரி 11 அன்று, அப்போது டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கேஜ்ரிவால், கார்களுக்கான ஒற்றைப்படை–இரட்டைப்படை கட்டுப்பாடு ஏப்ரல் 15 முதல் 30 வரை மறுபடியும் வரும் என்று அறிவித்தார். கருத்துக் கேட்டதில் 81 சதவீதம் பேர் வேண்டும் என்றிருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு பொதுச் சுகாதார நடவடிக்கையைச் சில நாள் செய்து பார்த்துவிட்டு, நிறுத்தி, எம்.எல்.ஏ.க்களைத் தெருவுக்கு அனுப்பி ‘இன்னொரு தடவை செய்யலாமா?’ என்று ஓர் அரசு கேட்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் வாங்கினார்கள், பதில் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்று சுத்தமாகுமா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தால் பதில் சொல்ல முடியாது, ஆனால் பதில் சொன்னது போலவே அதைக் காட்டினார்கள். யாருக்கு எங்கே இடிக்கும் என்பதை அது நன்றாகவே கண்டுபிடித்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

பின்னணி சுருக்கமாக. 2015 டிசம்பர் தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம், இந்த நகரத்தில் வாழ்வது விஷவாயு அறைக்குள் வாழ்வது போல இருக்கிறது என்றது. மறுநாளே ஆம் ஆத்மி அரசு திட்டத்தை அறிவித்தது. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஞாயிறு தவிர, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, பதிவு எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக உள்ள கார்கள் ஒற்றைப்படைத் தேதியிலும், இரட்டைப்படைக் கார்கள் இரட்டைப்படைத் தேதியிலும் மட்டும் ஓடலாம். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். சந்திப்புகளில் நின்ற தன்னார்வலர்கள் மீறி வந்தவர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்ததெல்லாம் பத்திரிகைகளில் படமாக வந்தது. இருசக்கர வாகனங்கள், எரிவாயுக் கார்கள், பெண்கள் மட்டும் செல்லும் கார்கள், முக்கியப் பிரமுகர்களின் வண்டிகள் என்று விலக்குப் பட்டியல் நீளமாகவே இருந்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள், பள்ளிப் பேருந்துகள் பயணிகளை ஏற்றிச் செல்லத் தேவைப்பட்டன.

முதல் சுற்றில் மக்கள் எதிர்பார்த்ததைவிட ஒத்துழைத்தார்கள். அது உண்மை. ரிங் ரோட்டில் வண்டி நகர்ந்தது. அலுவலகம் போய்ச் சேரும் நேரம் குறைந்தது. கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் ஒரே துறையில் வேலை பார்த்தும் அதுவரை முகம்கூடச் சரியாகத் தெரியாத தமிழ் அதிகாரிகள் ஒரே காரில் ஏறிப் போனார்கள். வயதான மாமாக்கள் ‘மெட்ரோவில் சீனியர் சிட்டிசன் இருக்கையில் இளவட்டம் உட்கார்ந்திருக்கிறது’ என்று புகார் சொன்னார்கள். ஆக, ஜனவரிக் கடைசியில் கருத்துக் கேட்கப் போனபோது, ஜனங்கள் மனதில் இருந்தது தூசி அளவல்ல, காலியான சாலை. கேட்ட காலமே பதிலில் பாதியைத் தீர்மானித்துவிட்டது.

கேட்ட வழிகள் பல. வீடுவீடாகப் படிவம், பூங்காவிலும் சமுதாயக் கூடத்திலும் மக்கள் சபை, மிஸ்டு கால், பதிவு செய்த குரல் பேசும் தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல், இணையம். மறுபடி வேண்டுமா, வேண்டுமானால் எப்போது, எவ்வளவு காலத்துக்கு, யாருக்கெல்லாம் விலக்கு: கேள்விகள் இந்த மாதிரிதான். படிவத்தையும் சபையையும் தொகுதியளவில் நடத்திய பொறுப்பு எம்.எல்.ஏ.க்களுக்கு. 2015 தேர்தலில் 70 தொகுதிகளில் 67-ஐ வென்ற கட்சி. கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும் அவர்களுடைய ஆள்தான் எம்.எல்.ஏ. முந்தைய ஆண்டு 11 தொகுதிகளில் மொஹல்லா சபை என்ற பேட்டைக் கூட்டங்களை நடத்தி, பட்ஜெட்டில் எந்த வேலைக்குப் பணம் வேண்டும் என்று கேட்ட அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. தெருவிளக்கா, சாக்கடை மூடியா, பூங்கா வேலியா என்று கை தூக்கச் சொல்லிக் கேட்கிற அந்த முறை நன்றாகவே நடந்தது. தெருவிளக்கு விஷயத்தில் தெருக்காரருக்குத் தெரியாதது அதிகாரிக்குத் தெரியப்போவதில்லை.

நுண்துகள் வேறு சமாசாரம். பி.எம். 2.5 என்கிற, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் எங்கிருந்து வருகிறது என்பது பால்கனியில் நின்று பார்த்தால் தெரியாது. அதே ஜனவரியில் ஐ.ஐ.டி. கான்பூரின் அறிக்கை முழு வடிவில் வந்திருந்தது. வாகனங்கள் வெளியிடும் நுண்துகளில் லாரிகளின் பங்கு 46 சதவீதம், இருசக்கர வாகனங்கள் 33 சதவீதம், கார்கள் சுமார் 10 சதவீதம் என்று அதில் இருக்கிறது. வாகனங்களே மொத்தத்தில் ஒரு பகுதிதான். சாலைப் புழுதி அதைவிடப் பெரியது. இந்தக் கணக்கைப் படிவத்தின் மேல் நான்கு வரியில் அச்சடித்துவிட்டு, அப்புறம் ‘இருசக்கர வாகனத்துக்கு விலக்கு வேண்டுமா?’ என்று கேட்டிருந்தால் பதில் மாறியிருக்குமா? மாறாமலும் போயிருக்கலாம். ஆனால் அது தெரிந்து சொன்ன பதிலாக இருந்திருக்கும்.

இனி அந்த 81 சதவீதம். அது பொய் எண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது யாருடைய 81 சதவீதம் என்பதைப் பார்க்க வேண்டும். மிஸ்டு கால் கொடுப்பவர் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருப்பவர். கூட்டத்துக்கு வருபவர் எம்.எல்.ஏ. ஆபீஸோடு பழக்கம் உள்ளவர். அதே ஆள் காலையில் படிவம் நிரப்பி, சாயங்காலம் கூட்டத்தில் கை தூக்கி, இரவில் மின்னஞ்சலும் அனுப்பலாம், தடுக்க ஆளில்லை. கேட்பவர் திட்டத்தைக் கொண்டுவந்த கட்சிக்காரர். வாசலில் நின்று, ‘உங்கள் நுரையீரலுக்காக நாங்கள் செய்தது பிடித்திருந்ததா?’ என்ற தொனியில் ஒருவர் கேட்டால், நாளைக்குக் குடிநீர் லாரிக்கு அவரிடமே போய் நிற்கப்போகிற குடும்பம் என்ன சொல்லும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெல்லியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. மீதி நான்கு வீட்டுக்கும் இந்தத் திட்டத்தில் இழக்க எதுவுமில்லை. ஆம் என்று சொல்ல அவர்களுக்குக் காசு செலவில்லை. ஜங்புராவில் பாரபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த மதராசி கேம்ப்பில், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறையாக இருந்தன. பெண்கள் பெரும்பாலும் பக்கத்துக் காலனிகளில் வீட்டுவேலை. பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். அங்கே படிவத்தோடு போன ஒரு தமிழ்ப் பையனுடன் நானும் போயிருந்தேன்.

“அக்கா, காரை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் எடுக்கணும்னு சொன்னாங்கள்ல, அது திரும்ப வந்தா உங்களுக்குச் சம்மதமா?”

“எங்க வீட்டுக்குள்ள சைக்கிள் நிறுத்தவே எடம் இல்ல தம்பி. கார் வச்சிருக்கவங்க வீட்டுலதான் பாத்திரம் கழுவப் போறேன், வேணும்னா அவங்ககிட்ட கேட்டுச் சொல்லவா?”

இதை ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா என்று பையன் விழித்தான். அந்த அக்காவிடம் கேட்க வேறு கேள்விகள் இருந்தன. காலை ஆறு மணிக் குளிரில் நடந்து போகும்போது மூச்சு எப்படி இருக்கிறது, குழந்தைக்கு ராத்திரி இருமலா, சமையல் எரிவாயுவிலா விறகிலா, வாய்க்கால் ஓரம் குப்பை எரிகிறதா, எந்த நேரத்தில் எரிகிறது, யார் எரிக்கிறார்கள்? இவை சுகாதாரக் கேள்விகள். கையிலிருந்த படிவம் போக்குவரத்துக் கேள்வி கேட்டது. பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல், சிரமப்படுகிறவரை மட்டும் கேட்டால் வருகிற பதில் எப்போதும் சிரமத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

குப்பை என்றதும் இன்னொன்று. மக்கள் சபைகள் நடந்தது பிப்ரவரி முதல் வார இறுதியில். அந்தச் சமயத்தில் சம்பளம் வரவில்லை என்று மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கிழக்கு டெல்லியில், மயூர் விஹார், திரிலோக்புரி பக்கமெல்லாம், குப்பை தெருமுனையில் குவிந்து கிடந்தது. சில இடங்களில் அதற்குத் தீவைத்தார்கள். மாநகராட்சி அப்போது மூன்றாகப் பிரிந்து பாரதிய ஜனதாவின் கையில் இருந்தது. மாநில அரசு ஆம் ஆத்மியிடம். எங்கள் பக்கத்துக் கூட்டத்தில் பாதிப் பேர் பேசியது காரைப் பற்றியே அல்ல. “முதல்ல அந்த மூலையில் எரியறதை அணையுங்கோ சார், அப்புறம் என் மாருதியைப் பத்திப் பேசலாம்” என்றார் ஓய்வுபெற்ற ஒரு ரயில்வேக்காரர். அது மாநகராட்சி விஷயம், கவுன்சிலரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. கவுன்சிலர் கூட்டத்தில் இல்லை. இருக்கவும் முடியாது; அவர் வேறு கட்சி.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான். சாலைப் புழுதி, தெருவில் எரியும் குப்பை, காஜிப்பூர் குப்பை மலை எல்லாம் கவுன்சிலர் பொறுப்பு. பேருந்து, கார்க் கட்டுப்பாடு, மின்நிலையம் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. குடிமகனுக்கு மூக்கு ஒன்றுதான். அவர் இரண்டு பேரிடமும் தனித்தனியாக மூச்சு விடுவதில்லை. ஆனால் கருத்துக் கேட்க வருபவர் தன் அதிகாரத்தில் உள்ளதை மட்டும் கேட்கிறார். எம்.எல்.ஏ.யும் கவுன்சிலரும் சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்திருந்தால், அதில் முதல் இடம் காருக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம். அப்படி உட்காராததற்குக் காரணம் கட்சி. வேறு பெரிய ரகசியம் எதுவுமில்லை.

சரி, படிவம் எதை நன்றாகச் செய்தது? விலக்குகளில் பாருங்கள். ஜனவரியில் பள்ளி விடுமுறை. ஏப்ரலில் பள்ளி திறந்திருக்கும். கார் வைத்திருக்கும் பெற்றோர்கள் கூட்டம்கூட்டமாகக் கேட்டது அதைத்தான். விளைவாக, இரண்டாவது சுற்றில் சீருடை அணிந்த பள்ளிக் குழந்தைகளோடு போகும் கார்களுக்கு விலக்கு கிடைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் டெல்லிப் பள்ளிகள் பெரும்பாலும் காலை எட்டுக்கு முன்பே மணி அடித்துவிடும்; கொண்டுபோய் விடுவது கட்டுப்பாட்டு நேரத்துக்கு வெளியே. அழைத்து வரப் போவதுதான் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு. போகும்போது காரில் குழந்தை இல்லை, ஆகவே விலக்கும் இல்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், எந்த அம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். கருத்துக்கேட்பு ஒரு தடவை நடந்து முடிந்தால் போதாது, வரைவு விதியை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெண்களுக்கான விலக்கு இன்னும் ஆழமானது. சுத்தமான காற்றுக்கான விதி பெண்கள் பாதுகாப்பு என்ற இடத்தில் வந்து நின்றது. 2012 டிசம்பர் 16 இரவு முனிர்க்காவில் பேருந்து ஏறிய பெண்ணுக்கு நேர்ந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. முனிர்க்காவிலிருந்து ஆர்.கே. புரம் நடக்கிற தூரம். அங்கிருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்குச் சஷ்டி, கிருத்திகைக்குப் போகிற தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த வழியில்தான் இரவு வீடு திரும்புகிறார்கள். காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு முன்னால் பேருந்தைப் பற்றி ஏதாவது செய்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1998-இலேயே, 2001 ஏப்ரலுக்குள் டெல்லியில் 10,000 பேருந்துகள் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016-இல் அதற்கு வெகு கீழேதான் இருந்தோம். ஆக, பெண்களும் இருசக்கர வாகனக்காரர்களும் விலக்கு கேட்டதை சுயநலம் என்று ஒதுக்க முடியாது. இல்லாத பேருந்துக்காக அவர்கள் போட்ட ஓட்டு அது. அரசு அதை விலக்குக்கான ஓட்டாக மட்டும் படித்தது.

ஏப்ரல் சுற்று ஜனவரி போல இல்லை. வெயில், திறந்த பள்ளிகள், பழகிவிட்ட அலட்சியம், நெரிசல் திரும்பியது. பலனைப் பற்றி ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. ஜனவரியில் கட்டுப்பாட்டு நேரத்தில் நுண்துகள் ஓரளவு குறைந்ததாகக் கண்ட ஆய்வே ஏப்ரலில் பலன் எதுவும் தெரியவில்லை என்றது. மெக்சிகோ நகரம் 1989 முதல் இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்து, மக்கள் கூடுதலாகப் பழைய கார்களை வாங்கிச் சமாளித்த கதை அப்போதே எல்லோருக்கும் தெரியும். 15 நாளுக்கு யாரும் கார் வாங்க மாட்டார்கள். நிரந்தரமாக்கினால்?

2017 நவம்பரில் நடந்தது இந்தக் கதைக்குப் பின்னுரை மாதிரி. புகைமூட்டம் கடுமையாகி, அரசு நவம்பர் 13 முதல் ஐந்து நாள் கட்டுப்பாடு என்றது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம், செய்யுங்கள், ஆனால் பெண்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் விலக்கு கூடாது என்றது. பெண்கள் பாதுகாப்பில் சமரசம் செய்ய முடியாது, அத்தனை பேரை ஏற்றப் பேருந்தும் இல்லை என்று சொல்லி அரசு திட்டத்தையே கைவிட்டது. தீர்ப்பாயம் துகள் கணக்கைப் பார்த்தது. அரசு மக்கள் சொன்னதைப் பார்த்தது. இரண்டுமே நியாயம். இரண்டும் முதல் தடவையாகச் சந்தித்தது நீதிமன்ற அறையில் என்பதுதான் கோளாறு. 2016 பிப்ரவரியில் பூங்காவில் சந்தித்திருக்க வேண்டியவை. 2019 நவம்பர் 4 முதல் 15 வரை மறுபடி வந்தபோதும் இரண்டு விலக்கும் நீடித்தன. அபராதம் 4,000 ரூபாயாக உயர்ந்தது, தனியார் எரிவாயுக் கார்களுக்கு இருந்த சலுகை போனது. அதற்குச் சில நாள் முன்புதான், அக்டோபர் 29-இல், பெண்களுக்குப் பேருந்தில் இலவசப் பயணம் தொடங்கியிருந்தது. என்னைக் கேட்டால், மூன்று ஆண்டு முன்பு அந்தப் பெண்கள் சொன்னதற்குக் கிடைத்த நிஜமான பதில் இந்தப் பேருந்துச் சீட்டுதான்.

இன்றைக்குப் படிவமெல்லாம் இல்லை. 2017 ஜனவரியில் படிநிலைச் செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது. இப்போது அதை நடத்துவது தலைநகர்ப் பகுதிக்கான காற்றுத் தர மேலாண்மை ஆணையம். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் முதல் கட்டம், 450-ஐத் தாண்டினால் நான்காவது. எண் ஏறினால் ஆணையம் உத்தரவு போடும்: லாரி நிற்கும், கட்டுமானம் நிற்கும், பள்ளி கைப்பேசிக்குள் போகும். 2023-இல் மறுபடி கார்க் கட்டுப்பாடு என்ற பேச்சு வந்தபோது, உச்ச நீதிமன்றம் அது வெறும் காட்சிக்கா என்று கேட்டது; மழை பெய்தது, திட்டம் தள்ளிப்போனது. எண்ணை வைத்து முடிவெடுப்பது 81 சதவீதத்தைவிட நேர்மையானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கட்டுமானம் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லாமல் போகிறவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை, நிவாரணம் கைக்கு வந்ததா என்று. மதராசி கேம்ப்பை 2025 ஜூன் 1-இல் இடித்தார்கள்; தகுதி உள்ளவர்கள் என்று சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு. நடந்து வேலைக்குப் போனவர்கள் இப்போது பேருந்தைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருப்பார்கள்.

அந்தச் செயல்திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்கும் ஒரு வரி உண்டு: காவலாளிகள் குளிருக்குக் கட்டையும் குப்பையும் எரிக்காமல் இருக்க மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும். எங்கள் சொசைட்டியில் செயலாளர் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தார். ஹீட்டர் வாங்கலாமா, வேண்டாமா? “கரண்ட் பில் யார் தலையில் சார்?” என்று ஆரம்பித்து ஒரு பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் ‘வாங்கலாம்’ ஜெயித்தது. காவலாளிகள் அந்தக் குழுவிலேயே இல்லை என்பதை ஒரு மாமி சுட்டிக்காட்டினார். நேரே வாசலுக்குப் போய்க் கேட்டதில் தெரிந்தது வேறு: கூண்டுக்குக் கதவே கிடையாது, ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும், ராத்திரி கேட்டைத் திறந்து மூடுகிற இன்னொருவர் வெளியே நிற்கிறார், தீ மூட்டுவது அவர்தான். இரண்டு ஹீட்டரும் ஒரு கதவும் வாங்கினோம், கேட்டுப் பக்கம் தகரக் கூரை ஒன்று இறக்கினோம். கதவுக்கு ஆன செலவு ஹீட்டரைவிட அதிகம். அதற்கு வாக்கெடுப்பு வைக்கவில்லை.